விசையை அழுத்தாவிட்டாலும் கணக்கு உண்டு

பொலிஸ்காரர் ஒருவர் மின்னதிர்ச்சித் துப்பாக்கியை ஒருவருக்கு நேரே நீட்டுகிறார். ஆனால் விசையை அழுத்தவே இல்லை. அதைப் பாவித்தார் என்று சொல்லலாமா?

நம் உறவுகள் பலர் வாழும் பிரித்தானியாவில், சொல்லலாம்! உறையிலிருந்து உருவினாலே, அதன் சிவப்பு ஒளிப்புள்ளி ஒருவரின் நெஞ்சில் விழுந்தாலே, பாவித்ததாகத்தான் கணக்கு. ஏன் எடுத்தார் என்று அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அழுத்திவிட்டாலோ, திகதியையும் நேரத்தையும் கருவியே பதிந்து வைத்துக்கொள்ளும்.

இப்படியொரு கண்டிப்பு ஏன் வேண்டும் என்பது இலங்கையின் சுன்னாகத்தில் உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2011இல் சுன்னாகம் பொலிஸார் பிடித்துச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவரைச் சித்திரவதை செய்த வழக்கில் 2017இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் பொலிஸார் சிலருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதற்குக் கைகொடுத்தது, சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டுச் சட்டம். பொல்லோ, மின்சாரமோ, எதனால் வதைத்தாலும் அந்தச் சட்டத்தில் குற்றம் குற்றமே. மேலதிகாரி சொல்லித்தான் செய்தேன் என்ற பேச்சும் அங்கே எடுபடாது.