தோட்டா விலையேற்றமும் தட்டு சுடும் விளையாட்டும்

தட்டு சுடும் விளையாட்டில் துப்பாக்கி ஒருமுறை வாங்கும் பொருள். தோட்டா அப்படியல்ல; பயிற்சி நடக்கும் ஒவ்வொரு நாளும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். எந்திரம் ஒன்று வானில் எறியும் 110 மில்லிமீட்டர் அகலமும் 105 கிராம் எடையும் உள்ள தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைப்பதுதான் ஆட்டம். களிமண் தட்டு என்று பெயர் இருந்தாலும் இன்றைய தட்டு சுண்ணாம்புத் தூளும் கீலும் கலந்து வார்த்தது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஒரு பெட்டியில் இருக்கும் தோட்டாக்களும் 25. இந்த விளையாட்டின் ஒரு வகையான டிராப்பின் சர்வதேசப் போட்டியில், தகுதிச் சுற்றில் 125 தட்டுகள் எறியப்படும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு தோட்டாக்கள் வரை சுடலாம். ஒரு போட்டிக்கே இவ்வளவு தேவை என்றால், அதற்குத் தயாராகும் பயிற்சிக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மலேசியாவில், கோலா சிலாங்கூரிலும் சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களிலும் இந்த விளையாட்டை விரும்பும் ஒருவர் நாட வேண்டிய முக்கியமான இடம் சுபாங்கில் உள்ள தேசிய துப்பாக்கி சுடும் தளம். 2017ஆம் ஆண்டு தென்கிழக்காசிய (சீ) விளையாட்டின் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கேதான் நடந்தன. பயணச் செலவும் தளக் கட்டணமும் பெரிய சுமை அல்ல. அங்கே சுட்டுத் தீர்க்கும் தோட்டாதான் சுமை. சில ஆண்டுகளாக அதன் விலை உலகம் முழுவதும் ஏறிவருகிறது. இந்த ஏற்றத்துக்கான காரணங்கள் சுபாங்கிலும் இல்லை, சிலாங்கூரிலும் இல்லை.

காரணம் புரிய வேண்டுமானால் தோட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டு சுடப் பெரும்பாலும் பயன்படுவது ‘பன்னிரண்டு போர்’ (12 bore) அளவுத் தோட்டா. வெளியே பிளாஸ்டிக் குழல், அடியில் உலோகத் தொப்பி, அதன் நடுவில் ஊசி அடித்ததும் தீப்பொறி கக்கும் பிரைமர். அதற்கு மேலே ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவான வெடிமருந்து. மருந்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தக்கை, தக்கையின் கிண்ணத்தில் ஈயக் குண்டுகள். சர்வதேச விதிப்படி டிராப், ஸ்கீட் என்ற இரு வகைத் தட்டு சுடும் போட்டிகளின் தோட்டாக்களில் குண்டுகளின் எடை 24 கிராம். குண்டு ஒன்றின் விட்டம் 2.4 மில்லிமீட்டர் என்றால் ஒரு தோட்டாவில் ஏறக்குறைய 300 குண்டுகள் இருக்கும்.

எடையில் மிகப் பெரிய பங்கு ஈயத்துடையது என்பதால் விலை உயர்வுக்கும் ஈயமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் உலகச் சந்தையில் ஈயம் டன்னுக்கு 2,000 அமெரிக்க டாலரை ஒட்டியே இருந்து வருகிறது. 2007இல் ஒரு கட்டத்தில் அது இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்குக்கு விற்றது. 2,000 டாலர் கணக்கில் 24 கிராம் ஈயத்தின் விலை ஐந்து சென்ட்டுக்கு மேல் போகாது. விலையை ஏற்றியது ஈயம் அல்ல. ஈயத்தோடு கலக்கும் வேறொரு உலோகமும், அதைத் தள்ளும் மருந்தும்தான்.

மருந்தின் மூலப்பொருள் பருத்தி. பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகும் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறுநாரை நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம் இரண்டிலும் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். புகையில்லா மருந்துக்கு அடிப்படை அதுதான். பீரங்கிக் குண்டை எறியும் மருந்துக்கும் அதுவே அடிப்படை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பின் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பல மடங்கு கூட்ட முனைந்தன. குறுநாருக்கு ஐரோப்பா பெரும்பாலும் சீனாவையே நம்பியிருந்தது. 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்றை முழு வீச்சில் எறிய 10 கிலோவுக்கு மேல் மருந்து வேண்டும். அந்த எடை மருந்தைத் தட்டு சுடும் தோட்டாக்களில் நிரப்பினால் ஏழாயிரம் தோட்டாக்கள் செய்யலாம். பீரங்கி மருந்தும் தோட்டா மருந்தும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டுக்கும் வேண்டிய நாரும் அமிலமும் ஒரே ஆலைகளிலிருந்து வருகின்றன. ஆலை எதற்கு முதலிடம் தரும் என்பதில் ஐயமில்லை. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுத உற்பத்திக்கு 50 கோடி யூரோ ஒதுக்கியபோது அதில் பெரும்பகுதி மருந்துக்கும் வெடிபொருளுக்கும்தான் போனது. அதே ஆண்டில், ஃபெடரல், ரெமிங்டன் தோட்டாக்களைச் செய்துவந்த அமெரிக்காவின் விஸ்டா அவுட்டோர் நிறுவனம், உலகளாவிய மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விலையை ஏற்றியது.

மற்றொரு உலோகம் ஆன்டிமணி. வெறும் ஈயம் மென்மையானது. துப்பாக்கிக் குழலுக்குள் அழுந்திச் சப்பையாகி, வெளியே வந்ததும் தாறுமாறாகச் சிதறும். அதனால் சில விழுக்காடு ஆன்டிமணி சேர்த்து ஈயத்தைக் கடினமாக்குகிறார்கள். பிரைமரிலும் ஆன்டிமணிச் சேர்மம் உண்டு. உலக உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு. 2024 செப்டம்பரில் சீனா ஆன்டிமணி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. அந்த ஓராண்டுக்குள் டன் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறி 40,000 டாலரை நெருங்கியது. 24 கிராமில் மூன்று விழுக்காடு ஆன்டிமணி என்று கொண்டால், தோட்டா ஒன்றில் ஒரு சென்ட்டுக்கும் குறைவாக இருந்த அதன் செலவு மூன்று சென்ட்டைத் தொட்டது. சிறிய தொகைதான். ஆனால் தோட்டா ஆயிரக்கணக்கில் விற்கும் பொருள்.

போட்டிக்குத் தோட்டா செய்யும் ஆலைகளின் உரிமையும் கைமாறிவருகிறது. இத்தாலியின் லெக்கோ நகரில் 1876இல் தொடங்கிய ஃபியோக்கி நிறுவனத்தின் பெரும்பங்கை 2022இல் செக் நாட்டின் சி.எஸ்.ஜி. குழுமம் வாங்கியது. 2024இல் விஸ்டா அவுட்டோரின் தோட்டாப் பிரிவையும் அதே குழுமம் வாங்கிக்கொண்டது. பீரங்கிக் குண்டு செய்வதில் ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. விளையாட்டுத் தோட்டாவும் போர்க் குண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. போர்க் குண்டுக்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தோடு அரசுகள் வரிசையில் நிற்கின்றன. விளையாட்டு வீரருக்கு அப்படியொரு வாங்கும் பலம் கிடையாது.

மலேசியாவில் இதற்கு மேல் ரிங்கிட்டின் சரிவும் சேர்ந்தது. 2014 நடுவில் ஒரு டாலர் 3.20 ரிங்கிட் அளவில் இருந்தது. 2024 பிப்ரவரியில் அது 4.80ஐ நெருங்கியது, 1998 நெருக்கடிக்குப் பின் காணாத சரிவு அது. முப்பது சென்ட் விலையுள்ள தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாலர் விலை சற்றும் மாறாமலேயே அது 96 சென்னிலிருந்து 1 ரிங்கிட் 44 சென்னாகிவிடும். பின்னர் ரிங்கிட் தேறியது உண்மை. இதோடு கப்பல் செலவும் சேரும். தோட்டா ஆபத்தான சரக்கு வகையில் சேர்வதால் அதற்குத் தனி ஆவணம், தனி அடைப்பு, தனிக் கட்டணம். 250 தோட்டாக்கள் கொண்ட அட்டைப்பெட்டி பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும்.

விலை ஏறினால் வேறு நாடுகளில் சுடுபவர்கள் காலிக் குழல்களைப் பொறுக்கி, மருந்தும் குண்டும் தாங்களே அடைத்துக்கொள்வது உண்டு. மலேசியாவில் அந்த வழி இல்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதற்கும் உரிமத்தில் அளவு உண்டு. விலை குறைந்திருக்கும் காலத்தில் மொத்தமாக வாங்கிச் சேர்த்துவைக்கவும் முடியாது.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சிலாங்கூர் வடபகுதித் தமிழர்கள் அதை மறக்க முடியாது. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. ஆயுதமும் தோட்டாவும் அனுமதியின்றி வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ராவாங் பகுதியின் வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அந்த ஆண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைச் சாலையில் சுடப்பட்டு இறந்தார். தோட்டா ஒன்றுகூடக் கணக்கில்லாமல் போகக்கூடாது என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. அவசரகாலம் முடிந்த 1960இல் வந்த ஆயுதச் சட்டமும் அந்த எண்ணத்தையே தொடர்ந்தது. பொதுமக்கள் கையில் துப்பாக்கி குறைவாக இருப்பதால் நாட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரியது. சட்டத்தைத் தளர்த்துவது தோட்டா விலையேற்றத்துக்குத் தீர்வாகாது.

தோட்டங்களில் துப்பாக்கிக்கு இன்றும் இருக்கும் வேலை பயிர்க்காவல். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே நட்டதே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். அன்று முதல் இந்தப் பகுதியில் செம்பனைக்கும் காட்டுப்பன்றிக்கும் போர்தான். ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு செய்யும்போது பன்றிகள் இளங்கன்றுகளைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிடும். வனவிலங்குத் துறையின் அனுமதியும் துப்பாக்கி உரிமமும் உள்ளவர்கள் பன்றிக்கு எஸ்ஜி தோட்டாவைப் பயன்படுத்துவார்கள். அதிலும் அதே பன்னிரண்டு போர் குழல்தான். குண்டுகள் மட்டும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனாக, எண்ணிக்கையில் ஒன்பதை ஒட்டி இருக்கும். விலை ஏறினாலும் காவலுக்குப் போகிறவர் தாக்குப்பிடித்துவிடுவார். ஓர் இரவில் அவருக்கு இரண்டு மூன்று தோட்டா போதும். தட்டு சுடுபவருக்கு அந்த வசதி இல்லை.

அவர் வாரத்துக்கு 200 தோட்டா சுட்டால் ஆண்டுக்குப் பத்தாயிரம். தோட்டா ஒன்றுக்கு 50 சென் கூடினாலே ஆண்டுச் செலவில் 5,000 ரிங்கிட் ஏறும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். கூடுதல் செலவு மட்டுமே ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணும் கையும் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இந்த வாசல் திறக்காது. இந்த விலையேற்றத்தின் உண்மையான இழப்பு இதுதான்.

ஈயத்தைக் கைவிடும் முயற்சியும் வருங்கால விலையைப் பாதிக்கும். தரையில் விழும் ஈயக் குண்டுகளை நீர்ப்பறவைகள் செரிமானத்துக்கான சிறுகல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் சதுப்புநிலங்களில் ஈயக் குண்டுக்குத் தடை விதித்தது. பிரிட்டன் 2025இல் அறிவித்த தடை 2029இல் முழுமையாக நடைமுறைக்கு வரும். கோலா சிலாங்கூரின் கடலோரச் சேற்றுநிலமும் 1987இல் அமைந்த இயற்கைப் பூங்காவும் வலசைப் பறவைகள் இறங்கும் இடங்கள் என்பதால் இந்தக் கேள்வி இங்கேயும் பொருந்தும். மாற்றாக வரும் எஃகு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதற்குப் பெரிய குண்டும், துப்பாக்கிக் குழலைக் கீறாத தடித்த தக்கையும் வேண்டும்.

செலவைக் குறைக்க விளையாட்டுக்குள்ளேயே சில வழிகள் உண்டு. தொடக்கநிலையில் 24 கிராமுக்குப் பதில் 21 கிராம் தோட்டா போதும். தோட்டாவே இல்லாமல் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, தட்டின் போக்கைத் தொடர்ந்து பழகும் பயிற்சியை உலகத் தரத்திலான வீரர்களும் நாள்தோறும் செய்கிறார்கள். சங்கங்கள் சேர்ந்து கொள்முதல் செய்தால் கப்பல் செலவும் ஆவணச் செலவும் பங்காகும். ஆனால் இவை எதுவும் அரசின் உதவிக்கு ஈடாகாது. இந்தியாவை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் குழுத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அரச குடும்பத்துப் பிள்ளைக்குத் தோட்டாச் செலவு தடையாக இருந்திருக்காது. மற்றவர்களுக்கு அது தடை என்பதை உணர்ந்து, 2014இல் தொடங்கிய ஒலிம்பிக் திட்டத்தில் தெரிவாகும் வீரர்களின் உபகரணம், தோட்டா, பயிற்சிச் செலவுகளை இந்திய அரசு ஏற்கிறது. மலேசியாவிலும் தேசிய விளையாட்டு மன்றமும் மாநில அரசும் இளையோருக்கென்று மானிய விலைத் தோட்டாவைப் பயிற்சித் தளத்திலேயே, கண்காணிப்போடு, அங்கேயே சுட்டு முடிக்கும் முறையில் வழங்க வேண்டும். சட்டத்தின் ஒரு வரியைக்கூட இதற்காக மாற்ற வேண்டியதில்லை.