பாட்டியின் ஊன்றுகோலும் இயன்முறை மருத்துவமும்

முதலில் ஒரு சிறு கேள்வி. பாட்டிக்கு வலது இடுப்பு மூட்டில் வலி. நடப்பதற்கு ஓர் ஊன்றுகோல் வாங்கித் தருகிறோம். அதை அவர் எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலி உள்ள பக்கத்துக் கையில்தான் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். சரியான விடை, இடக்கை! காரணத்தை நீங்கள் பள்ளியில் படித்த திருப்புத்திறனே சொல்லிவிடும்.

இடுப்பும் ஒரு நெம்புகோலே

பாட்டியின் எடை 60 கிலோ எனக் கொள்வோம். நடக்கும்போது ஒவ்வோர் இரண்டாம் அடியிலும் ஒரு கணம் வலக்கால் மட்டுமே தரையில் நிற்கிறது. அந்தக் காலின் எடை ஏறத்தாழ 10 கிலோ. மீதி 50 கிலோவை வலது இடுப்பு மூட்டு தாங்க வேண்டும். அந்த 50 கிலோவின் ஈர்ப்பு மையம் மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. இடப்புறமாக உள்ளது. எனவே உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் வெளிப்புறத் தசை. ஆனால் அது மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் செயற்படுகிறது. தொலைவு பாதி என்பதால் விசை இரு மடங்கு வேண்டும். அதாவது 100 கிலோ. மூட்டின் மேல் விழும் மொத்தச் சுமை 50 + 100 = 150 கிலோ!

இப்போது இடக்கையில் ஊன்றுகோலைக் கொடுப்போம். அது மூட்டிலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளி இருக்கும். பாட்டி அதை வெறும் 5 கிலோ அளவுக்கு அழுத்தினாலே 5 × 50 = 250 என்னும் திருப்புத்திறன் கிடைக்கிறது. சாய்க்கும் திருப்புத்திறனோ 50 × 10 = 500. அதில் பாதியை ஊன்றுகோலே ஈடுசெய்துவிடுவதால் தசை 50 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். மூட்டின் சுமை 45 + 50 = 95 கிலோவாகக் குறைகிறது. வலக்கையில் பிடித்தால் இந்த உதவி கிடைக்காது. மருந்தில்லை, கத்தியில்லை, கோல் கை மாறியதும் 55 கிலோ சுமை இறங்கிவிட்டது.

இவ்வாறு உடலின் இயக்கத்தை ஆராய்ந்து, இயக்கத்தையே மருந்தாகப் பயன்படுத்தும் துறைதான் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம்.

"மசாஜ் படிப்புதானே?"

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர்கள் சிலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. பக்கவாதம் வந்து உயிர் தப்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கையில் பழுதில்லை, மூளையில்தான் பழுது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பப் பயிலும்போது மூளையின் நலமான பகுதிகள் புதிய நரம்புத் தொடர்புகளை உண்டாக்கிக்கொள்ளும். முதற்சில மாதங்களில் இந்த முன்னேற்றம் மிகுதி. அக்காலத்தை வீணாக்கினால் தசை நலியும், மூட்டு இறுகும். எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வதே இயன்முறை மருத்துவரின் கலை. புறஒலி, மின்தூண்டல் முதலிய கருவிகளும் உண்டு. ஆயினும் அவை துணைக்கருவிகளே, பயிற்சியே முதன்மையானது.

வேலூர் தந்த எடுத்துக்காட்டு

நம் மாநிலத்தில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழ் அவருக்கு உணர்விழந்து போயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று.

படிப்பு

மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் பி.பி.டி. எனும் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். உடற்கூறியல், உடலியங்கியல், இயக்கவியல், மின்மருத்துவம், நரம்பியல் முதலியன பாடங்கள். திருச்சியில் அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி உள்ளது. சேலம், நாமக்கல் பகுதிகளில் தனியார் கல்லூரிகள் உள்ளன. பல ஆண்டுகளாகப் பயிற்சிக் காலம் உள்பட நாலரை ஆண்டாக இருந்த படிப்பை, 2025-இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் ஐந்தாண்டாக வகுத்துள்ளது. ஆகவே சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துத் தெளிந்துகொள்ளுங்கள். மேலும் இரண்டாண்டு பயின்றால் எலும்பு மூட்டு, நரம்பு, இதயம்-நுரையீரல், விளையாட்டு, குழந்தை நலம் ஆகியவற்றுள் ஒன்றில் முதுநிலைப் பட்டம் பெறலாம்.

வேலை எங்கே?

மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு, விளையாட்டு அணி, சிறப்புப் பள்ளி, கல்லூரி ஆசிரியப் பணி, சொந்த நிலையம் எனப் பல வழிகள் உண்டு. நம் வட்டாரத்தையே பாருங்கள். நாமக்கல் லாரி ஓட்டுநரின் முதுகு, பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளியின் தோள், செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குவோரின் இடுப்பு, இவை யாவும் இத்துறையை எதிர்பார்த்து நிற்கின்றன.

இராசிபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பக்கவாதத்தால் படுத்தவரை வாரம் மூன்று முறை நகரத்துக்குப் பேருந்தில் கொண்டுவர எத்தனை குடும்பங்களால் இயலும்? இதற்காகவே 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவமும் வீடு தேடிச் செல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் நிலையங்கள் பலவற்றில் தொடக்க ஊதியம் குறைவே. அரசுப் பணியிடங்களும் ஏராளம் இல்லை. விரைவான பலனை விரும்புவோருக்கு இத்துறை ஏற்றதன்று. ஒரு விரல் மடங்குவதற்கு ஒரு மாதம் காத்திருக்கும் பொறுமை வேண்டும். மருத்துவப் படிப்பு கிடைக்காத ஏமாற்றத்தோடு இங்கு வருபவர் தாமும் சோர்வார், நோயாளியையும் சோர்வடையச் செய்வார். விரும்பி வருபவருக்கோ, படுத்திருந்தவர் எழுந்து தாமே ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைக் காணும் பேறு கிடைக்கும்.

இன்று மாலை உங்கள் தெருவில் ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவரைக் கவனியுங்கள். எந்தக் கால் வலிக்கிறது? கோல் எந்தக் கையில் இருக்கிறது? அந்தக் கேள்வியிலிருந்தே இந்தப் படிப்பு தொடங்குகிறது.