சோற்றைக் குறைத்தோம், பசியை என்ன செய்வது?

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள்" என்று மருத்துவர் கூறியதும், பலர் அன்றே ஓர் உறுதி எடுத்துக்கொள்கிறார்கள்: நாளை முதல் சோறு பாதி, இட்லி இரண்டு, இனிப்பு இல்லை. அந்த உறுதி பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே தளர்ந்துவிடுகிறது. எங்கள் உணவு ஆலோசனைப் பிரிவுக்கு வருவோரிடம் காரணம் கேட்டால், அவர்களுள் பெரும்பாலோர் கூறும் பதில் ஒன்றே: "பசி தாங்க முடியவில்லை."

பசி தாங்காமல் பழைய உணவுக்குத் திரும்பியவர்கள் தம்மை மன உறுதி அற்றவர்கள் என்று நொந்துகொள்கிறார்கள். அவ்வாறு நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பெரும்பாலானோர் செய்த பிழை சோற்றைக் குறைத்தது அன்று. குறைத்த இடத்தை வெறுமையாக விட்டதே பிழை. அந்த இடத்தை எதனைக் கொண்டு, எவ்வாறு நிரப்புவது என்பதையே இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இந்த நிலை எதைக் குறிக்கிறது?

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலோ, குளுக்கோஸ் நீர் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தாலோ, அதனை முன்நீரிழிவு என்கிறோம். இது பலருக்குத் திரும்பி வரக்கூடிய நிலை. 2002-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவு மாற்றமும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் சேர்ந்து, நீரிழிவாக மாறும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தன. சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றத்தால் அந்த வாய்ப்பு 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஆகவே இந்த முதல் சில வாரங்களைக் கடப்பது சிறிய செய்தி அன்று.

நம் நாட்டு உணவில் சராசரியாக 62 விழுக்காடு ஆற்றல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு கூறுகிறது. இதனை 50 முதல் 56 விழுக்காட்டளவுக்குக் குறைத்து, புரதத்தை உயர்த்துவது முன்நீரிழிவு உள்ளோர்க்கு உதவும் என்பது அதே ஆய்வின் தரவுகளிலிருந்து கிடைத்த கணிப்பு. சோற்றை அடியோடு விலக்கச் சொல்லும் கணிப்பு அன்று இது. தட்டில் சோறு பிடித்திருந்த பெரும்பகுதியைச் சிறுபகுதியாக்கும் மாற்றமே போதுமானது.

பசி ஏன் எழுகிறது?

முதல் காரணம் எளிய கணக்கு. ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 200 கலோரி ஆற்றல் உண்டு. மதியம் மூன்று கப் உண்டவர் ஒரு கப்பாகக் குறைத்து, பழைய அளவிலேயே குழம்பும் பொரியலும் உண்டால், அந்த வேளையில் மட்டும் 400 கலோரி குறைகிறது. மாலை நான்கு மணிக்கு உடல் அதைக் கேட்கிறது. அது நியாயமான பசி.

இரண்டாவது காரணம் பழக்கம். நாம் வழக்கமாக உண்ணும் வேளை நெருங்கும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் இரைப்பையில் தானாகவே சுரக்கிறது. பல ஆண்டுகளாகப் பதினொரு மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும் உண்டவர்க்குப் பதினொரு மணிக்குப் பசிக்கும்; காலை உணவு போதுமானதாக இருந்தாலும் பசிக்கும். இப்பசி அலைபோன்றது. எழும், சற்று நேரம் நிற்கும், உண்ணாவிட்டாலும் தணியும். வேளைகளை மாற்றிச் சில வாரங்கள் தொடர்ந்தால் இந்த அலையும் புதிய நேரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் அறிவதில்லை. மாவுச்சத்து குறையும்போது, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்ட கிளைக்கோஜன் கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருப்பது. அந்நீரும் உடன் வெளியேறுகிறது. இன்சுலின் அளவு தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் வரும் தலைவலி, சோர்வு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். அந்தத் தளர்ச்சியைப் பசி என்று எண்ணி உணவைத் தேடுகிறோம். உடல் கேட்பதோ நீர்.

இவற்றுக்கு நேர்மாறான ஆறுதலும் ஒன்று உண்டு. மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பிறகு சர்க்கரை விரைவாக ஏறுகிறது. முன்நீரிழிவு நிலையில் இன்சுலின் தாமதமாகவும் மிகுதியாகவும் சுரப்பதால், சிலருக்கு அது விரைவாக இறங்கியும் விடுகிறது. நான்கு இட்லி உண்டும் பதினொரு மணிக்குள் பசிப்பதற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம். புதிய உணவு பழகியபின் இந்த ஏற்ற இறக்கம் தணிவதால், பலர் முன்பைவிடக் குறைவாகவே பசிப்பதாகக் கூறுகிறார்கள்.

குறைத்த இடத்தை நிரப்புங்கள்

பசியை நீண்ட நேரம் அடக்கி வைக்கும் ஆற்றல் புரதத்துக்கு மிகுதி. சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதத்தை இலக்காகக் கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலில் 10 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் அளவில் புரதம் கிடைக்கும். நாள் முழுவதுக்குமான புரதத்தை இரவில் ஒரே வேளையில் சேர்க்காமல், மூன்று வேளைக்கும் பகிர்ந்துகொள்ளுங்கள். காலை உணவில் புரதம் இல்லாவிட்டால் பகல் முழுவதும் பசி துரத்தும்.

அடுத்தது நார்ச்சத்து. இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்த பொரியல் இனித் தட்டின் பாதியை நிரப்ப வேண்டும். அவரை, கொத்தவரை, வெண்டை, புடலை, சுரை, முட்டைக்கோசு, கீரை ஆகியவற்றைத் தயங்காமல் உண்ணலாம். உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு ஆகியவை காய்கறிக் கடையில் விற்கப்பட்டாலும் தட்டில் சோற்றின் கணக்கிலேயே சேரும்.

கொழுப்பைக் கண்டு அஞ்சி, சோற்றையும் எண்ணெயையும் ஒரே நாளில் குறைப்பவர்களே விரைவில் களைத்துப்போகிறார்கள். அளவான எண்ணெயில் செய்த பொரியலும், ஒரு கைப்பிடி கடலையும், ஒரு கிண்ணம் தயிரும் உணவு வயிற்றில் சற்று நேரம் தங்க உதவும். வடையும் பஜ்ஜியும் இக்கணக்கில் சேரா.

ஓர் எச்சரிக்கை: சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, இட்லிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் என்று மாற்றிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ண வேண்டாம். இரண்டு சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்து, ஒரு கப் சோற்றில் உள்ளதற்கு ஏறத்தாழ இணையானது. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் பெரும் பயன் விளைவதில்லை.

உண்ணும் வரிசையும் உதவும். முதலில் காய்கறி, அடுத்து பருப்பு, முட்டை அல்லது மீன், இறுதியில் சோறு என்னும் வரிசையில் உண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. சோற்றுக்கு வரும்போது வயிறும் பாதி நிறைந்திருக்கும். வயிறு நிறைந்தது என்னும் செய்தி மூளையை எட்ட 15 முதல் 20 நிமிடம் ஆகும்; ஆதலால் மெதுவாக உண்ணுங்கள்.

ஒரு நாள் உணவு: எடுத்துக்காட்டு

காலை: இரண்டு இட்லி, காய்கறி மிகுந்த சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. முட்டை உண்ணாதவர்கள் ஒரு கிண்ணம் பச்சைப்பயறுச் சுண்டல் சேர்க்கலாம்; இட்லிக்கு மாற்றாக இரண்டு பாசிப்பருப்பு தோசையும் ஏற்றதே.

முற்பகல்: உப்பு அளவான நீர்மோர் ஒரு தம்ளர்.

மதியம்: ஒரு கப் சோறு, இரண்டு வகைப் பொரியல் தட்டில் பாதி, கெட்டியான பருப்பு அல்லது மீன் குழம்பு, ஒரு கிண்ணம் தயிர்.

மாலை: சர்க்கரை இல்லாத தேநீர், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல்.

இரவு: ஓர் அடை அல்லது ஒரு சப்பாத்தி, பனீர் அல்லது கோழிக்கறி, கீரைக்கூட்டு.

இதையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. முதல் வாரம் காலை உணவை மட்டும் மாற்றுங்கள்; அடுத்த வாரம் மதியத்தை மாற்றுங்கள். படிப்படியாகக் குறைத்தால் தலைவலியும் சோர்வும் குறைவாகவே தோன்றும்.

இடையில் பசித்தால்

முதலில் ஒரு தம்ளர் நீர் அல்லது மோர் அருந்திவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் வேறு வேலையில் ஈடுபடுங்கள். பழக்கத்தால் எழுந்த பசியும் நீர்க்குறைவால் வந்த தளர்ச்சியும் அதற்குள் பெரும்பாலும் தணியும். தணியாவிட்டால், "இப்போது ஒரு கிண்ணம் சுண்டல் தந்தால் உண்பேனா?" என்று உங்களையே கேளுங்கள். உண்பேன் என்றால் அது வயிற்றுப் பசி, தயங்காமல் உண்ணுங்கள். சுண்டல் வேண்டாம், முறுக்குதான் வேண்டும் என்றால் அது நாவின் விருப்பம்; மேலும் சிறிது நேரம் பொறுக்கலாம். வயிற்றுப் பசி தினமும் அதே நேரத்தில் வந்தால், அதற்கு முந்தைய வேளையில் புரதமோ காய்கறியோ போதவில்லை என்று கொள்க. திருத்தத்தை அங்கே செய்யுங்கள்.

இரவுத் தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். உணவை மட்டும் திருத்திவிட்டு நள்ளிரவு வரை விழித்திருப்பவர்கள் இதையும் கருத வேண்டும்.

குடும்பத்தாருக்கு

ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நெடுநாள் நிலைக்காது. கூடுதல் பொரியலும் சுண்டலும் வீட்டில் எல்லோருக்கும் நல்லவையே, அனைவருக்குமாகச் சமையுங்கள். "இன்னும் ஒரு கரண்டி சோறு" என்று அன்பாக வற்புறுத்துவதைக் கைவிட்டு, அந்த அன்பை இன்னும் ஒரு கரண்டி பொரியலாகப் பரிமாறுங்கள். ஒரு திருமண விருந்தில் அளவு மீறியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த வேளை வழக்கமான உணவுக்குத் திரும்பினால் போதும். வீட்டுப் பெண்கள் எல்லோரும் உண்டபின் மீந்த சோற்றை உண்டு பசியாறும் வழக்கம் இருந்தால், அவருக்கு உரிய பொரியலையும் பருப்பையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். முன்நீரிழிவு அவருக்கும் இருக்கலாம்.

மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டியவர்கள்

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர், இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர், சிறுநீரக நோய் உள்ளோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் உணவை மாற்றுமுன் எங்களிடம் கலந்து பேச வேண்டும். மருந்தின் அளவை மாற்ற நேரிடலாம். புரதத்தின் அளவும் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மோரில் உப்புச் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பசியுடன் நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினால் பொறுத்திருக்கக் கூடாது. உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, சோதிக்கக் கருவி இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த ஆலோசனைக்கு வரும்போது, மூன்று நாள் உண்டவற்றையும் பசித்த நேரங்களையும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். எடையையும் சர்க்கரை அளவையும்விட, எந்த வேளையில் தட்டு வெறுமையாக இருந்தது என்பதை அந்தத் தாள் எங்களுக்குத் தெளிவாகக் காட்டும். அந்த வேளையை உங்களுடன் சேர்ந்து திருத்தி அமைக்கக் காத்திருக்கிறோம்.