உதவிக்குரல் படகைச் சென்றடைய ஒரு செயலி

2021 டிசம்பர் 18. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தது. பலர் மேல்மாடியிலும் கூரையிலும் சிக்கிக்கொண்டனர். உதவி கேட்டு வாட்ஸ்அப், முகநூல் வழியாகச் செய்திகள் பறந்தன. சொந்தப் படகோடு தொண்டூழியர்களும் வந்தனர். ஆனால் கைமாறிக் கைமாறி வரும் செய்தியில் எந்த வீடு, எப்போது அனுப்பியது, அவர்கள் மீட்கப்பட்டு விட்டார்களா என்பது தெரிவதில்லை. படகு இல்லாததால் மட்டுமல்ல, முகவரி தெரியாததாலும் உயிர் போகலாம். பேரிடர்ச் செயலி தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 2008இல் கென்யாவில் உருவான 'உஷாஹிடி', பொதுமக்களின் தகவல்களை வரைபடத்தில் காட்டியது. 2010இல் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது மக்கள் 4636 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்த ஹைத்தியர்கள் அவற்றை மொழிபெயர்த்து, இடத்தைக் கண்டறிய உதவினார்கள்.

ஜகார்த்தாவில் 2014இல் தொடங்கிய 'பெத்தாஜகார்த்தா' இன்னொரு வழியைக் கையாண்டது. டுவிட்டரில் ஒருவர் 'பஞ்சிர்' என்று எழுதியதும், இருப்பிடத்தோடு உறுதிப்படுத்தும்படி அவருக்குத் தானாகவே பதில் போனது. உறுதியான தகவல் வரைபடத்தில் ஏறியது. கழுத்தளவு நீரில் நிற்பவரிடம் புதிய செயலியைப் பதிவிறக்கச் சொல்வது நடக்காத காரியம். கையில் இருப்பதையே பயன்படுத்த வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

அப்படியானால் நல்ல செயலியில் என்ன இருக்க வேண்டும்? இடமும் நேரமும் தானாகப் பதிவாக வேண்டும். எத்தனை பேர், குழந்தை, முதியவர், நோயாளி உண்டா என்று கேட்க வேண்டும். தொடர்பு அறுந்தாலும் தகவலைச் சேமித்து, தொடர்பு வந்ததும் அனுப்ப வேண்டும். மலாய், தமிழ், சீனம் என மக்கள் பேசும் மொழிகளில் இயங்க வேண்டும். தொலைபேசி எண் தொண்டூழியருக்கு மட்டுமே தெரிய வேண்டும். எல்லார் கண்ணிலும் படக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'காத்திருக்கிறார்', 'படகு புறப்பட்டது', 'மீட்கப்பட்டார்' என்று ஒவ்வொரு தகவலின் நிலையும் தெரிய வேண்டும். இல்லையேல் ஒரே வீட்டுக்கு மூன்று படகு போகும். பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் போகாது.

செயலி 999 அழைப்புக்கு மாற்று அல்ல, துணைதான். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அதற்கு முன்பே குடியிருப்புவாசிகளும் தொண்டூழியர்களும் ஒருமுறை சேர்ந்து பயன்படுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது இன்று இதையும் சேர்த்துத்தான்.