கல்லுக்குள் ஒரு சாட்சி

லோனார் ஏரியைப் பார்த்துவிட்டு வந்த சங்க அன்பர்கள் சிலர், "அது எரிமலை வாய்தானே சார்?" என்று கேட்டார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது, எனவே விளக்கமும் என் பொறுப்பு.

ரயில்வேயில் இருந்தபோது மலைச்சரிவில் பாதை அமைக்கப் பாறையில் துளை போட்டு வெடி வைப்போம். வெடித்ததும் ஓர் அழுத்த அலை கல்லினுள் பாய்கிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையை அவ்வளவு தாங்காது. அந்த அலை பாறையின் வெளிமுகத்தில் பட்டுத் திரும்பும்போது இழுவிசையாக மாறிக் கல்லைப் பிளக்கிறது. பிளவு சில சமயம் வெளியே தெரியாது. ஒருமுறை, "பாறை உறுதியாக இருக்கிறது" என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் அதிலிருந்து பெயர்ந்த கல் ஒரு கலாசியின் காலை நசுக்கிவிட்டது. அன்று முதல் கல்லின் மேல்தோற்றத்தை நான் நம்புவதில்லை.

லோனாரும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், சுமார் 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளம் அது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. இப்பக்கத்து ரயில் பாதைகளில் கொட்டும் கறுத்த ஜல்லியும் அதுதான். ஆகவே எரிமலை வாய் என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் பள்ளத்தின் அடியில் துளையிட்டு எடுத்த கற்களில் மாஸ்கெலினைட் இருப்பதை 1973-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

அது என்ன? பசால்ட்டில் பிளாஜியோகிளேஸ் என்றொரு கனிமம் உண்டு. அதன் அணுக்கள் அடுக்கிய செங்கல்போல ஒழுங்காக நிற்பவை. சுமார் 3 லட்சம் வளிமண்டல அழுத்தம் கண நேரத்தில் தாக்கினால் அந்த அடுக்கு குலைந்து, கனிமம் கண்ணாடியாகிவிடும். வெளி உருவம் மட்டும் பழையபடியே நிற்கும். எந்த எரிமலையாலும் அவ்வளவு அழுத்தம் தர இயலாது. விண்கல் மோதினால்தான் உண்டு. இக்கண்ணாடி முதலில் அறியப்பட்டதும் நம் நாட்டில் விழுந்த ஒரு கல்லில்தான். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த அந்த விண்கல், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தது என்று இன்று அறிகிறோம்.

லோனார் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாபகத்துக்கென்று கல் எதையும் எடுத்து வராதீர்கள். மோதிய விண்கல்லை நாம் கண்டதில்லை. நடந்ததைச் சொல்ல அந்தக் கற்கள்தான் சாட்சி.