பொறியைப் பிடிக்கும் காளான்: தீக்குச்சிக்கு முந்திய நெருப்பு

நெருப்பைப் பற்றிச் சொல்லும்போது அல்குர்ஆன் மரத்தையும் சேர்த்தே சொல்கிறது. அல்வாகிஆ அத்தியாயத்தில் (56:71-73) நாம் மூட்டும் நெருப்பைக் காட்டி, அதற்குரிய மரத்தைப் படைத்தது யார் என்று அல்லாஹ் கேட்கிறான். அது ஒரு நினைவூட்டல் என்றும் பயணிகளுக்குப் பயன்தருவது என்றும் அங்கே கூறப்படுகிறது. யாஸீன் அத்தியாயத்திலும் (36:80) பச்சை மரத்திலிருந்து வரும் நெருப்பு பேசப்படுகிறது. யாஸீனை மனப்பாடமாக ஓதுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஆனால் மரத்திலிருந்து நெருப்பை எப்படி எடுப்பார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், நம் கையில் இருப்பது கேஸ் அடுப்பு லைட்டர் மட்டும்தான்.

அரபு மக்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. மர்க், அஃபார் என்ற இரு மரங்களின் கிளைகளை உரசி நெருப்பு எடுத்ததைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இதில் மர்க் என்பது ராஜஸ்தான் பாலைவனத்திலும் வளரும் ஒரு புதர்ச்செடி. அதன் அறிவியல் பெயர் லெப்டடீனியா பைரோடெக்னிகா. நெருப்புக் கலைக்குரியது என்ற பொருளில் பெயரிலேயே தீ வைத்திருக்கிறார்கள். அல்ஆதியாத் அத்தியாயத்தில் (100:2) ஓடும் குதிரைகளின் குளம்பில் தெறிக்கும் தீப்பொறி வருகிறது. ஆக, உரசி எடுப்பது, தட்டி எடுப்பது என்ற இரண்டு வழிகளையும் குர்ஆனை முதலில் கேட்ட மக்கள் அறிந்திருந்தார்கள்.

நம் ஊரில் தட்டி எடுக்கும் வழிக்குச் சக்கிமுக்கி என்று பெயர். வெங்கச்சங்கல்லின் கூரான விளிம்பில் நல்ல எஃகை, உதாரணமாக ஒரு பழைய அரத்துண்டை, சரித்து அடித்தால் பொறி பறக்கும். அந்தப் பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சுரண்டி எடுத்த எஃகுத் துணுக்குதான் காற்றில் எரிகிறது. அதன் ஆயுள் ஒரு நொடிகூட இல்லை. காய்ந்த விறகின் மேல் ஆயிரம் பொறி விழுந்தாலும் விறகு பற்றாது. பொறிக்கும் விறகுக்கும் நடுவே, பொறியை வாங்கிக் கனலாக வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும். நெருப்பு மூட்டுவதில் பாதி வேலை அதைத் தயார் செய்வதுதான்.

ஐரோப்பாவில் அந்த வேலையைச் செய்தது ஒரு மரக்காளான். பிர்ச், பீச் மரங்களின் தண்டில் குதிரைக் குளம்பு போல ஒட்டி வளரும். பெயர் ஃபோமெஸ் ஃபோமென்டேரியஸ். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மனித உடல் கிடைத்தது. ஏட்சி என்று பெயரிடப்பட்ட அந்த மனிதனின் இடுப்புப் பையில் இந்தக் காளான் இருந்தது. பிர்ச் பட்டையில் செய்த ஒரு பாத்திரத்தில் கரித்துண்டுகளும் மேப்பிள் இலைகளும் இருந்தன. கனலை இலையில் பொதிந்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் சென்றிருக்கிறான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தூரத்தில் நெருப்பைக் கண்ட மூஸா (அலை) அவர்கள், குடும்பத்தார் குளிர்காய அதிலிருந்து ஒரு கொள்ளி எடுத்துவரப் புறப்பட்டதை (28:29) இங்கே நினைத்துப் பார்க்கலாம். புதிதாக மூட்டுவதைவிட, இருக்கும் நெருப்பைக் கொண்டுவருவது எளிதாக இருந்த காலம் அது.

தயாரிக்கும் முறை பொறுமையைக் கேட்கும். முதலில் காளானின் ஓடு போன்ற மேல்தோலைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். அடியில் நுண்துளைகள் நிறைந்த குழாய்ப் பகுதியையும் வெட்டி நீக்குவார்கள். நடுவே பழுப்பு நிறத்தில் மிருதுத் தோல் போன்ற ஓர் அடுக்கு மிஞ்சும். வேண்டியது அதுதான். அதை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, விறகுச் சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பார்கள் அல்லது வேகவைப்பார்கள். பிறகு மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் கையால் இழுத்து விரிப்பார்கள். வில்லை மெல்ல அகன்று கம்பளித் துணி போல ஆகிவிடும். காயவைத்து ஓரத்தைப் பிசிறாக்கினால் வேலை முடிந்தது. வெடியுப்புக் கரைசலில் நனைத்தவர்களும் உண்டு. வீட்டில் அதற்கெல்லாம் போக வேண்டாம், சாம்பலே போதும். ருமேனியாவின் கொருண்ட் கிராமத்தில் இன்றும் இதே முறையில் காளானை விரித்துத் தொப்பியும் பையும் செய்து விற்கிறார்கள்.

சாம்பல் எதற்கு? சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்பு, பொருள் சுடர்விடாமல் கனன்று எரிவதற்குத் துணை செய்கிறது. தட்டுவது எதற்கு? நார்கள் பிரிந்து இடையில் காற்று புகும், சூடும் உள்ளேயே தங்கும். சுடர் என்பது பொருளிலிருந்து கிளம்பும் வாயு எரிவது. கனல் என்பது பொருளின் மேற்பரப்பே எரிவது. அதனால்தான் கனல் சத்தமின்றி, வெளிச்சமும் அதிகமின்றி மணிக்கணக்கில் ஊர்ந்து போகிறது.

இந்தக் குறிப்பிட்ட காளான் நம் குமரி மலையில் கிடையாது. அது விரும்பும் மரங்களும் இங்கே இல்லை. பட்ட மரத்தில் வளரும் நம் கெட்டிக் காளான்கள் பலவும் கனலை வைத்திருக்கும், ஆனால் பொறியை நேரடியாகப் பிடிப்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடி மக்களுக்குக் காளானைவிடக் கைகொடுத்தது பனைப் பஞ்சு. கூந்தல்பனையின் (சூண்டப்பனை என்றும் சொல்வோம்) மட்டை அடியில் சுரண்டினால் மெல்லிய பஞ்சு வரும். மலேயா, இந்தோனேசியப் பகுதிகளிலும் பனை இனங்களின் இதே பஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு சிறு குழலுக்குள் அதை வைத்துக் கோலால் ஓங்கி அழுத்துவார்கள். உள்ளே காற்று இறுகிச் சூடேறிப் பஞ்சு கனன்றுவிடும். கல்லும் தேவையில்லை, இரும்பும் தேவையில்லை.

மலைக்குப் போகாதவர்களும் இதைப் பார்த்திருக்கிறோம். பெட்டிக்கடைக் கம்பத்தில் பீடி பற்றவைக்கத் தொங்கிய கயிறு நாள் முழுக்கக் கனன்றது இதே கணக்கில்தான். (பீடியைப் பரிந்துரைக்கவில்லை, கயிற்றை மட்டும்.) சாம்பிராணித் தட்டில் போடும் கதம்பைத் துண்டும் அப்படித்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அது மலிந்த பிறகு இந்த அறிவெல்லாம் நமக்குத் தேவையற்றுப் போனது.

ஆனால் ஒரு விஷயத்துக்கு இன்றும் தேவை. பெருநாள் கழிந்து குடும்பத்தோடு காளிகேசம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் போகிறோம். சட்டியும் அரிசியும் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. கிளம்பும்போது அடுப்பில் சுடர் இல்லை என்றால் நெருப்பு அணைந்தது என்று எண்ணிவிடுகிறோம். காட்டுத் தரையில் உளுத்த கட்டையும் காய்ந்த காளானும் சருகும் கிடக்கின்றன. யாரும் தட்டிப் பக்குவப்படுத்தாமலேயே அவற்றில் பல கனலைப் பிடிக்கக் கூடியவை. சுடர் இல்லாமல் உள்ளே ஊர்ந்து, நாம் வீடு வந்து சேர்ந்த பிறகு காற்று வீசும்போது எழும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று தமிழகம் பார்த்தது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு தீப்பிடித்த செய்தி வந்தபோது, நெருப்பை எதிரி என்று கூறி, உறங்கும்முன் அதை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். இரண்டும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. எலி இழுத்துப் போகும் அளவுக்குச் சிறிய நெருப்பையும் அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒதுக்குக் காடுகளில் நெருப்பு மூட்டுவதைத் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 தடை செய்கிறது. அங்கிருந்து காளானோ பஞ்சோ எடுத்துவரவும் கூடாது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் வீட்டு முற்றம் போதும். தோப்பில் பன்னாடையும் கதம்பை நாரும் இருக்கின்றன. பொறி பிடிக்கப் பழைய பருத்தித் துணியைச் சிறு துளையிட்ட தகர டப்பாவில் அடைத்துச் சூடாக்கிக் கருக்கிக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். கருகிய துணியில் பொறி விழுந்து சிவந்ததும், அதைப் பன்னாடைக் கூட்டுக்குள் வைத்து மெல்ல ஊத வேண்டும். முதலில் புகை வரும், பிறகு சுடர்.

முடிந்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே எழுந்திருங்கள். மிஞ்சிய கனல்துணியை இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவில் அடைத்தால் காற்றின்றி அணைந்துவிடும். முன்னோர்கள் காளான் துண்டையும் அப்படித்தான் அணைத்து வைத்தார்கள். கருகிய ஓரம் அடுத்த முறை முதல் பொறியிலேயே பற்றிக்கொள்ளும்.