பழையன காத்தல்

காஞ்சிமாநகரை அடுத்துள்ள திருப்பருத்திக்குன்றம் ஒரு சிற்றூர். ஜினகாஞ்சி என்றும் இதனை வழங்குவர். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயில் சமணர்தம் பழம்பெருங் கோயில்களுள் ஒன்று. விசயநகர அரசில் அமைச்சராகவும் தானைத்தலைவராகவும் விளங்கிய இருகப்பர் என்பார், 1387-88ஆம் ஆண்டில் இக்கோயிலின் சங்கீத மண்டபத்தை எடுப்பித்தார். அம்மண்டபத்தின் மேல்விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளன. இன்ன காட்சி இன்னது என விளக்கும் தமிழ்த் தொடர்களும் அவற்றின் கீழே உண்டு.

ஆனால், இன்று நாம் அண்ணாந்து காணும் ஓவியங்களுட் பெரும்பாலன மண்டபம் எழுந்த காலத்தன அல்ல. முதல் ஓவியங்கள் மங்கிய பின்னர், வேறு ஓவியர் அவற்றின் மேலேயே மீண்டும் வண்ணந் தீட்டினர். முன்னையோர் கைவண்ணம் சிற்சில இடங்களிலேயே எஞ்சியுள்ளது. பின்னையோர் கோயிலின்பாற் கொண்ட அன்பினால் அவ்வாறு செய்தனரேயன்றி, அழிக்கும் எண்ணத்தால் அன்று. எனினும், அன்பினாற் செய்த அச்செயலே பழைய ஓவியத்தை மறைத்துவிட்டது.

பழம்பொருள் பழுதுற்றால் அதனைப் புதியதாக்குவதா? பழையதாகவே காப்பதா? இவ்வினா கோயிலுக்கும் ஓவியத்திற்கும் மட்டும் உரியதன்று. மனிதன் கையால் ஆக்கிய எல்லாப் பொருள்களுக்கும் உரியது. ஒரு மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இக்காலத்தில் மோட்டார் வண்டிகள் பெருந்தொழிற்சாலைகளில் ஓரச்சில் வார்த்தாற்போல் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. 1920ஆம் ஆண்டு முதல் இரண்டாம் உலகப்போர் வரையுள்ள காலத்தில் செல்வர்க்குரிய உயர்ந்த வண்டிகள் பல அவ்வாறு உருவாகவில்லை. தொழிற்சாலை, இயந்திரமும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டும் செய்து கொடுக்கும். அதன்மேல் அமையும் கூண்டினைச் செய்வோர் வேறு. அவர்கள் முன்னர்க் குதிரை வண்டி செய்த கைவினைஞர் மரபினர். நம் சென்னையில் 1840ஆம் ஆண்டில் தோன்றிய சிம்சன் நிறுவனமும் குதிரை வண்டி கட்டும் தொழிலுடன் தொடங்கியதே. அந்நிறுவனத்தைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து காட்டினார்.

கூண்டு கட்டும் முறை வியத்தற்குரியது. முதலில் உறுதியும் நெகிழ்ச்சியும் வாய்ந்த மரத்தால் எலும்புக்கூடு போன்றதொரு சட்டகம் அமைப்பர். பின்னர் அலுமினியத் தகட்டையோ எஃகுத் தகட்டையோ சம்மட்டியால் மெல்லத் தட்டியும், உருளைகளிடையே செலுத்தியும், வேண்டிய வளைவுக்குக் கொணர்ந்து சட்டகத்தின் மேற் பொருத்துவர். வண்ணத்தைப் பன்முறை பூசிப் பன்முறை தேய்ப்பர். யாவும் கண்ணளவும் கையளவும் கொண்டு செய்வன. ஆதலின், ஒரே பட்டறையில் தோன்றிய இரண்டு வண்டிகளும் முற்றும் ஒத்திருப்பதில்லை.

காஞ்சிப் பட்டுச் சேலையைக் கண்டவர்க்கு இது விளங்கும். அங்கே உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, உடலையும் கரையையும் இழையோடு இழை கோத்து நெய்வர். அதனைக் கோர்வை என்பர். இரண்டையும் இணைத்த இடம் வலுவுடையதாயும் அழகுடையதாயும் அமைவதே நெசவாளர் திறமை. அடிச்சட்டம் ஒரு நாட்டிலும் கூண்டு மற்றொரு நாட்டிலும் உருவான வண்டியும் அத்தகைய கோர்வையே ஆகும்.

இத்தகைய வண்டிகளுட் புகழ் பெற்றது அமெரிக்க நாட்டு டூசன்பர்க். செர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பிரெட், ஆகஸ்ட் என்னும் உடன்பிறந்தார் இருவர் இண்டியானாபொலிஸ் நகரில் இதனைச் செய்தனர். 1928ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் இவர்களுடைய 'ஜே' வகை வண்டி காட்சிக்கு வந்தது. அதன் இயந்திரத்தில் எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றன. சிலிண்டர் ஒன்றுக்கு நான்காக 32 வால்வுகள் இருந்தன. அதன் ஆற்றல் 265 குதிரைத்திறன் என அறிவித்தனர். பின்னர், காற்றை அழுத்திச் சிலிண்டரினுட் செலுத்தும் கருவியைச் சேர்த்து, அதனை 320 குதிரைத்திறனாக உயர்த்தினர். அவ்வாறு உயர்த்திய வண்டியை 'எஸ்ஜே' என வழங்கினர். கூண்டில்லாத அடிச்சட்டத்தின் விலை மட்டும் தொடக்கத்தில் 8,500 டாலர். அந்நாளில் போர்டு கார் ஒன்று ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்தது என்றால், இதன் அருமையை உணரலாம். உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் வாங்குவோர் அருகினர். 1937இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 480 'ஜே' வகை வண்டிகளே வெளிவந்திருந்தன.

அவற்றுள் ஒன்று இந்திய மன்னர் ஒருவருக்கென உருவாயிற்று. இந்தூரை ஆண்ட இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் புதுமைக் கலையில் ஈடுபாடு மிக்கவர். தம் மாணிக்பாக் அரண்மனையைச் செர்மானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியசைக் கொண்டு புதுமுறையில் அமைத்தவர். 1935ஆம் ஆண்டைச் சார்ந்த 'எஸ்ஜே' அடிச்சட்டம் ஒன்றுக்கு, இலண்டனில் கர்னி நட்டிங் என்னும் புகழ்பெற்ற பட்டறை அவர்பொருட்டுக் கூண்டு கட்டியது. முன்னே நீண்ட இயந்திர மூடி. நடுவே இருவர் அமரும் இருக்கை. பின்னே படகுபோல் ஒடுங்கும் வால். ஆரஞ்சும் கருப்புமான வண்ணம். அமெரிக்கர் ஆற்றலும், ஆங்கிலேயர் கைத்திறனும், இந்திய மன்னர் சுவையும் அவ்வொரு வண்டியில் இணைந்தன.

காலம் மாறியது. 1948இல் இந்தூர் அரசு மத்திய பாரதத்தில் இணைந்தது. 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. அரண்மனைக் கொட்டில்களில் நின்ற வண்டிகள் பல விலைப்பட்டன; சில துருவேறிச் சிதைந்தன. இந்தூர் மன்னரின் டூசன்பர்க் அமெரிக்காவை அடைந்து, செப்பமுற்று, மீண்டும் ஆரஞ்சும் கருப்புமாக ஒளிர்ந்தது.

பழைய வண்டியைச் செப்பமிடுவோர் முதலிற் கையாள வேண்டியது சுத்தியலன்று, ஆராய்ச்சியே. அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்களைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிடுவர். பழம் புகைப்படங்களைத் தேடுவர். ஒரு மூலையில் வண்ணத்தை மெல்லச் சுரண்டி, அடுக்கடுக்காக என்னென்ன நிறங்கள் உள்ளன என்று காண்பர். அதன் பின்னரே பிரித்தலும் சீர்செய்தலும் நிகழும். உளுத்த மரத்தை முழுதும் அகற்றாது, கெட்ட பகுதியை மட்டும் நீக்கி அதே வகை மரத்தை ஒட்டுவர்.

இங்கேதான் பெருந்தவறு நேர்தல் கூடும். பளபளப்பை விரும்பி, உள்ள உறுப்புகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதியன பூட்டினால், வண்டி அழகாக ஓடும். ஆனால் அது பழைய வண்டியின் பெயரைத் தாங்கிய புதிய வண்டியே ஆகும். முதற் கைவினைஞன் சம்மட்டித் தடம் அதில் இராது. இதனை உணர்ந்தே, 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்டுத் தம் முதல் வடிவிலேயே பேணப்பெற்ற வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய இடமளித்தன. அடிச்சட்டத்தையோ கூண்டையோ இயந்திரத்தையோ பெரிதும் மாற்றிய வண்டிக்கு அத்தகுதி இல்லை.

அங்ஙனமாயின், பின்னையோர் செய்த மாற்றம் எல்லாவற்றையும் அகற்றிவிடலாமா? அதுவும் எளிதன்று. திருப்பருத்திக்குன்றத்தில் மேலே தீட்டிய ஓவியமும் இன்று பழம்பொருளாகிவிட்டது. அதனைச் சுரண்டினால் கீழேயுள்ளது வெளிப்படலாம்; இரண்டும் ஒருங்கே அழியவும் கூடும். ஒரு வண்டியின் மேற் பின்னாளிற் பூசிய வண்ணமும் அவ்வாறே அதன் வாழ்வின் ஒரு பகுதி. எதனை வைப்பது, எதனை நீக்குவது என்பதற்கு ஒரே விதி இல்லை. அறிந்து, ஆராய்ந்து, அஞ்சி முடிவு செய்தலே நெறி.

இந்நெறிக்கு நம் தமிழுலகிலேயே சிறந்த சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏடுகள் சிதைந்து சொற்கள் மறைந்த இடங்கள் பல இருந்தன. செய்யுளியற்றும் புலமை மிக்க அவருக்கு அவ்விடங்களைத் தாமே நிரப்புதல் அரிதன்று. அவரோ புள்ளியிட்டு அவ்விடங்களை விடுத்தார். வெவ்வேறு ஏடுகளிற் கண்ட பாடபேதங்களையும் குறித்தார். ஆதலால் பழம்புலவர் சொல் எது, இழந்தது எது என்பதை நாம் ஐயமின்றி அறிகிறோம்.

வண்டியாயினும், ஓவியமாயினும், ஏடாயினும், பழையன காப்போர் போற்ற வேண்டிய கடமைகள் மூன்று. தொடுமுன் ஆராய்தல் ஒன்று. காக்கத்தக்க எதனையும் கைவிடாமை இரண்டு. புதிதாகச் சேர்த்ததை மறையாது எழுதிவைத்தல் மூன்று. நும் இல்லத்தில் பாட்டனார் பயன்படுத்திய பெட்டியோ, கடிகாரமோ, கையெழுத்துச் சுவடியோ இருத்தல் கூடும். அதனைப் புதுக்க விரும்பினால், முதலில் அதனை உற்றுநோக்குங்கள். அதில் ஒருவரின் கைத்தடம் பதிந்துள்ளது. ஒருமுறை அதனை அழித்தால், மீண்டும் பெறுதல் எவராலும் இயலாது.